ஊன்றுகோல் ஏமாற்றாகுமா?

 

நமது பிள்ளைகளின் விளையாட்டு முற்றத்தை விட்டுப் போனுக்குள் குடிபோய் வருடங்கள் பலவாகிவிட்டன. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்ற பெயர்களை இன்று அறியாத உம்மா இல்லை. நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, எங்கோ ஒரு நாட்டிலிருக்கும் முகம் தெரியாதவர்களோடு மோதுகிறார்கள். நேரம் வீணாகிறது, தொழுகை பிந்துகிறது, ரீலோட் காசு கரைகிறது என்று இவற்றின் தீமைகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவை யாவும் உண்மையே. அவற்றை இங்கு மீண்டும் சொல்லப் போவதில்லை.

அதிகம் பேசப்படாத வேறொரு விடயம் இருக்கிறது. இந்த விளையாட்டுகளில் சேர ஆசைப்பட்டும் சேர முடியாமல் வாசலிலேயே நிறுத்தப்படும் பிள்ளைகளைப் பற்றியது அது. கை வழங்காத பிள்ளை, காது கேளாத பிள்ளை, பார்வையில்லாத பிள்ளை. இவர்கள் ஒரு துணைக்கருவியைக் கொண்டு விளையாட வந்தால் “ஏமாற்றுக்காரன்” என்ற பட்டம் சூட்டப்பட்டு வெளியேற்றப்படுகிறார்கள். இது நியாயமா? நமது மார்க்கம் இதை எப்படிப் பார்க்கும்? சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

மல்லாவியில் ஒரு தாயின் கேள்வி

முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கிறது மல்லாவி. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் மீண்டெழுந்த வன்னி ஊர்களில் அதுவும் ஒன்று. கால் இழந்தவரையும், பார்வை போனவரையும், உடலுக்குள் ஷெல் துண்டைச் சுமப்பவரையும் இந்த ஊர்களில் இன்றும் காண்கிறோம். பிறவியிலேயே குறையோடு பிறந்த பிள்ளைகளும் எல்லா ஊர்களையும் போல் இங்கும் இருக்கிறார்கள்.

புத்தளத்தில் வளர்ந்து, இப்போது மல்லாவிக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் குடும்பத்துத் தாய் ஒருவர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய பதின்மூன்று வயது மகனுக்குப் பிறப்பிலிருந்தே வலது கை வழங்காது. தொடுதிரையில் இரண்டு பெருவிரல்களாலும் விளையாட வேண்டிய விளையாட்டை அவனால் ஆட முடியவில்லை. மூத்த மகன் யோசித்து, போனை ஒரு சட்டத்தில் நிறுத்தி, கணனிக்குரிய விசைப்பலகை ஒன்றை ஒரு சிறு இணைப்பான் வழியாகப் பொருத்திக் கொடுத்தான். பிள்ளை இடது கையால் விளையாடத் தொடங்கினான். இரண்டு கிழமை சந்தோசமாக இருந்தான். பிறகு ஒருநாள், தடைசெய்யப்பட்ட கருவி பயன்படுத்தப்பட்டதாக அறிவித்து அவனுடைய கணக்கை நிறுவனம் மூடிவிட்டது. விளக்கம் கேட்டு எழுதியபோது, எல்லோருக்கும் போகும் அதே வாசகம்தான் பதிலாக வந்தது.

“மௌலவி, என்ட மகன் செய்தது ஏமாற்றா? அப்படியென்றால் நானே அந்தக் கருவியைக் கழற்றி எறிந்துவிடுகிறேன். இல்லையென்றால் அவனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது?” இதுதான் அவர் கேட்டது. ஒரு முஃமினான தாய் கேட்க வேண்டிய கேள்வி இது. பிள்ளையின் சந்தோசத்தைவிட அவனுடைய நேர்மையை அவர் முதலில் நினைத்தார்.

வேலி எதற்காக?

முதலில் அந்த நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்போம். ஒன்லைன் விளையாட்டுகளில் மோசடி பெருகிக் கிடக்கிறது. சுவருக்கு அப்பால் நிற்பவனைக் காட்டும் மென்பொருள், குறி தவறாமல் தானே சுடும் மென்பொருள், துப்பாக்கி அதிராமல் பிடித்துக்கொள்ளும் கருவி என்று பலவும் விற்பனைக்கு வருகின்றன. நேர்மையாக விளையாடும் பிள்ளை இவற்றால் தோற்கிறான். ஆகவே மோசடியைப் பிடிக்கும் காவல் மென்பொருளை நிறுவனங்கள் பொருத்தியிருக்கின்றன. வேலி போட்டதில் தவறில்லை.

தவறு எங்கே வருகிறது? அந்தக் காவல் மென்பொருளுக்கு ஆளைத் தெரியாது. அதற்குத் தெரிவது கருவியும் விரலசைவும் மாத்திரமே. ஒரே சீரான இடைவெளியில் ஒரு பொத்தான் அழுத்தப்படுகிறதா, தொடுதிரைக்குப் பதிலாக வேறொரு சாதனம் பேசுகிறதா என்றுதான் அது பார்க்கும். பேராசை பிடித்த மோசடிக்காரனும், நடுங்கும் கையோடு ஒரு பெரிய பொத்தானை அழுத்தும் பிள்ளையும் அதன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள்.

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2018 செப்டெம்பரில் வலுவிழந்தோருக்காகவே ஒரு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டு பெரிய பொத்தான்களும், கால்மிதி, ஊதுகுழல், தனிப் பொத்தான் போன்றவற்றைச் செருகப் பின்புறத்தில் 19 துளைகளும் அதில் உண்டு. கால் விரலாலும், நாடியாலும், மூச்சாலும் விளையாட அது வழிசெய்தது. வெளியானபோது அதன் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க டொலராக இருந்தது. செருகும் பொத்தான்களைத் தனியாக வாங்க வேண்டும். அதே நிறுவனம் 2023 ஒக்டோபரில், தன் அனுமதி பெறாத துணைக்கருவிகள் எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்தில் நொவெம்பர் 12 முதல் வேலை செய்யாது என்று அறிவித்தது. மலிவான இணைப்பான்களை வாங்கித் தமக்கேற்றபடி பொருத்தியிருந்த வலுவிழந்த பலர், தாங்கள் வெளியே தள்ளப்படுவோமோ என்று குரல் எழுப்பினார்கள். ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் சாத்தியது போலாயிற்று!

காது கேளாதோர் விடயத்தையும் பாருங்கள். இந்த விளையாட்டுகளில் எதிரியின் காலடி ஓசைதான் முதல் எச்சரிக்கை. ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் ஓசை வரும் திசையைத் திரையில் படமாகக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. பப்ஜி மொபைலில் மூலையிலுள்ள சிறு வரைபடத்தில் காலடி அடையாளம் தோன்றும். “கண்ணாலும் பார்த்தால் அது கூடுதல் அனுகூலம்” என்று குறைசொன்ன நல்ல காதுள்ள விளையாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். காதுள்ளவனுக்கு இறைவன் கொடுத்ததை, காதில்லாதவனுக்கு ஒரு படம் கொடுக்கிறது. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

தங்க மூக்கு சொல்லும் சட்டம்

இனி மார்க்கத்தின் அளவுகோலுக்கு வருவோம்.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்றொரு நபித்தோழர். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவருடைய மூக்கு வெட்டுண்டு போனது. வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் மூக்குச் செய்து அணிந்துகொள்ளும்படி அவரைப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் இச்செய்தி இருக்கிறது.

சகோதரிகளே, சிந்தித்துப் பாருங்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஒரு மோதிரம் கூட அணிய முடியாது. அந்தச் சட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் மூக்கில்லாத மனிதருக்கு அதே தங்கம் அனுமதிக்கப்பட்டது. சட்டம் ரத்துச் செய்யப்படவில்லை. “இவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்” என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பப்படவுமில்லை. தங்கம் தடுக்கப்பட்டது ஆடம்பரத்துக்கும் பெருமைக்கும். இழந்த உறுப்பை ஈடுசெய்வது ஆடம்பரமாகாது. தளர்ந்த பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதற்கு அறிஞர்கள் ஆதாரம் எடுத்ததும் இதிலிருந்துதான்.

தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டித்தந்த வழி நமக்கெல்லாம் தெரியும். நிற்க முடிந்தால் நின்று, முடியாவிட்டால் இருந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். கதிரையில் இருந்து தொழும் வாப்பாவைப் பார்த்து, “இவர் ஏமாற்றுகிறார், ஸஃப்பிலிருந்து வெளியேற்றுங்கள்” என்று யாராவது சொல்வதுண்டா? அவரும் அதே ஜமாஅத்தில்தான் இருக்கிறார். தங்கடத்தோடு தொழுததால் அவருடைய கூலி குறைவதில்லை.

இன்னுமொரு நிகழ்ச்சி. ஸூரா ‘அபஸ’ யாரை முன்னிட்டு இறங்கியது என்பதை அறிவீர்கள். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்தான் அவர். மஸ்ஜிதுந் நபவியில் பிலால் (ரலி) அவர்களோடு இவரும் முஅத்தினாக இருந்தார். ஸுப்ஹின் வேளை வந்துவிட்டதை அறிவிக்கும் அதான் இவருடையது. பார்வையில்லாதவர் விடியலை எப்படி அறிவார்? மற்றவர்கள் “விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது” என்று சொன்ன பிறகு இவர் அதான் சொல்வார் என்று புகாரியில் வருகிறது. விடியலைப் பார்க்கும் வேலையை மற்றவர்களின் கண் செய்தது. அதான் இவருடையதாகவே இருந்தது. பார்வையுள்ள ஒருவரை நியமித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நபியவர்கள் துணை கொடுத்து அவரைப் பொறுப்பில் வைத்தார்கள். மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் தமது பிரதிநிதியாகவும் அவரை நியமித்தார்கள்.

இவற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுதான்: ஒரு கருவி மற்றவர்கள் நிற்கும் கோட்டுக்கு ஒருவனைக் கொண்டுவந்து சேர்த்தால் அது துணை. மற்றவர்களைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தால் அது மோசடி. விசைப்பலகை அந்த மல்லாவிப் பிள்ளையின் இல்லாத பெருவிரலுக்குப் பதிலாக நின்றது. குறி பார்ப்பதையும் சுடுவதையும் அவனேதான் செய்தான். அதே இணைப்பானில், தானே குறிபார்க்கும் வசதியை யாராவது ஏற்றிக் கொடுத்திருந்தால் விடை வேறு. நல்ல கையுள்ள அண்ணன் தம்பியின் கருவியை எடுத்து வெற்றிபெற நினைத்தால் அதுவும் வேறு. மூக்குள்ளவனுக்குத் தங்க மூக்குக் கூடாது.

உடன்படிக்கை இருக்கிறதே?

இங்கே ஒரு நுட்பமான விடயம் உண்டு. விளையாட்டில் சேரும்போது நிறுவனத்தின் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்வதாக நாம் பொத்தானை அழுத்துகிறோம். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்னது இரண்டு விடயங்கள். உங்கள் மகனின் கருவி மோசடியல்ல. ஆனால் தடை இருப்பது தெரிந்த பின், வேறு பெயரில் கணக்குத் திறந்து ஒளித்து விளையாட வேண்டாம். ஒளிப்பதுதான் ஏமாற்றைக் கொண்டுவரும்.

அப்படியானால் என்ன செய்வது? வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இன்ன குறைபாடு, இன்ன கருவி, அது செய்வது இது, செய்யாதது இது என்று தெளிவாக எழுதி, டொக்டரின் கடிதத்தையும் பிள்ளை விளையாடும் விதத்தைக் காட்டும் சிறு வீடியோவையும் சேர்த்து அனுப்பலாம். ஒரு தடவைக்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பலாம். அதுவரை, பல விளையாட்டுகளில் இருக்கும் தனி அறையைத் திறந்து, தெரிந்த நண்பர்களோடு மாத்திரம் ஆடலாம். எல்லோரும் அறிந்து சம்மதித்த இடத்தில் யாருக்கும் அநியாயமில்லை. ஆனால் அங்கும் இதே கருவி தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களும் மாற வேண்டும். முடியாத காரியமல்ல. 2019 பெப்ரவரியில் வெளிவந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் என்ற விளையாட்டில், வாயால் பேசாமலே ஒரு பொத்தானை அழுத்தி “இங்கே எதிரி”, “அங்கே போவோம்” என்று அணிக்குச் சைகை காட்டும் முறை இருந்தது. கேளாதோருக்கும் பேசாதோருக்கும் அது பேருதவி. அதன் காப்புரிமையை ஏனைய நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரான நிறுவனம் 2021 ஓகஸ்டில் அறிவித்தது. 2023இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற விளையாட்டில் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதை ஓசையால் அறியலாம். பார்வையற்றவர்கள் அதைக் கொண்டு பார்வையுள்ளவர்களோடு போட்டியிடுகிறார்கள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், விளையாட்டுகளில் இருக்கும் பேச்சு, எழுத்து உரையாடல் வசதிகள் வலுவிழந்தோருக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற கடமை 2019 முதல் நடைமுறைக்கு வந்தது.

நமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளுக்காக இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வலுவிழந்த பிள்ளைகளுக்கு ஏனைய பிள்ளைகளோடு சமமாக விளையாட்டில் பங்குபற்ற உரிமை உண்டென்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோவொரு குறைபாடு உடையவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். இது சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கக்கூடிய தொகையல்ல.

சதுரங்கம் கற்றுத்தரும் பாடம்

வேலியும் இருந்து கதவும் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சதுரங்கத்தைக் காட்டலாம். அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிகளில் பார்வையற்றோருக்கென்று தனிப் பகுதி உண்டு. பார்வையற்றவர் தமக்கென வேறு பலகை வைத்துக்கொள்ளலாம். காய்கள் விழாமல் துளைகளில் பொருந்தும். கறுப்புக்காயைத் தடவி அறிய அடையாளம் இருக்கும். நகர்வுகள் வாயால் சொல்லப்படும். தேவையானால் உதவியாளர் ஒருவரும் இருக்கலாம். சாதாரணமாகப் போட்டி நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் வாய் திறந்தாலே குற்றம். ஆனால் இவருக்கு, எதிராளியின் நகர்வைச் சொல்ல ஓர் ஆள்! என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று விதியே வரையறுத்திருப்பதால் குழப்பமில்லை. பார்வையற்றோருக்கான முதலாவது ஒலிம்பியாட் 1961இல் ஜேர்மனியில் நடந்தது. இந்தியாவின் குஜராத்தைச் சேர்ந்த பார்வையற்ற வீரர் தர்பன் இனானி 2023இல் ஹாங்சோ ஆசிய பரா விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். லீசெஸ் என்ற இலவச இணையத்தளத்தில் திரைவாசிப்பானைக் கொண்டு பார்வையற்றவர்கள் உலகெங்குமுள்ளவர்களோடு சதுரங்கம் ஆடுகிறார்கள்.

சதுரங்கத்தைப் பற்றி நமது இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனைய மத்ஹபுகளில் பெரும்பாலானோர் கடுமையாகத் தடுத்துள்ளனர். நமது ஷாபிஈ மத்ஹபில், சூதும் இல்லாமல் தொழுகையும் தவறாமல் இருந்தால் அது மக்ரூஹ். ஆகவே இதிலே மூழ்கிவிடும்படி யாரையும் நான் தூண்டவில்லை. ஒரு விதிநூல் எப்படி நியாயமாக எழுதப்படலாம் என்பதற்கே இதைச் சொன்னேன்.

நமது வீட்டு வாசல்

நிறுவனத்தின் கதவு தொலைவில் இருக்கிறது. நமது கையிலிருக்கும் கதவுகளைப் பார்ப்போம்.

அந்த மல்லாவிப் பிள்ளையை மென்பொருள் வெளியேற்றுவதற்கு முன்பே ஊர்ப் பையன்கள் வெளியேற்றிவிட்டார்கள். “அவன் வந்தால் தோற்போம்” என்று அணியில் சேர்க்கவில்லை. ஒலிவாங்கியில் நொண்டி என்றும் கூப்பிட்டார்கள். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் ஸூரா ஹுஜுராத் தடைசெய்திருக்கிறது. விளையாட்டில் சொன்னால் அது விளையாட்டாகிவிடாது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பாரமும் ஒரு விளையாட்டின் பாரமும் ஒன்றல்ல. ஆயினும் “உனக்கு இங்கே இடமில்லை” என்ற சொல் எப்படி நெஞ்சில் தங்கும் என்பதை நமது உம்மும்மாமார் அறிவார்கள். அதை அறிந்த சமூகத்தின் பிள்ளைகள் இன்னொரு பிள்ளைக்கு அதே சொல்லைச் சொல்லலாமா?

ஆகவே தாய்மார்களே, இன்றே சிலவற்றைச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகள் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதோடு, யாரைச் சேர்க்காமல் விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அயலிலுள்ள பிள்ளை முஸ்லிமாயினும் தமிழ்ப் பிள்ளையாயினும் இந்தக் கேள்வி ஒன்றே.

வீட்டில் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், போனில் செட்டிங்ஸ் பகுதிக்குள் அணுகல்தன்மை என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். திரையை வாசித்துச் சொல்லும் டோக்பெக், ஒன்றிரண்டு பொத்தான்களால் போனை இயக்கும் வசதி, ஒரு காது மாத்திரம் கேட்பவருக்கு இரு பக்க ஓசையையும் ஒன்றாக்கும் வசதி ஆகியவை அன்ட்ரொய்ட் போன்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. பல விளையாட்டுகளில் பொத்தான்களைப் பெரிதாக்கவும், ஒரு கைக்கு எட்டும் பக்கமாக நகர்த்தவும், நிறக்குருட்டுக்கு ஏற்ப நிறத்தை மாற்றவும் அவற்றின் உள்ளேயே இடமுண்டு. உள்ளே இருப்பதைப் பயன்படுத்தினால் தடைக்கு ஆளாகும் பயமில்லை. வெளிக்கருவிக்குக் காசு செலவழிக்கும் முன், அந்த விளையாட்டின் விதியை மூத்த பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பாருங்கள்.

நேரக் கட்டுப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். “பாவம், அவனுக்கு வேறென்ன இருக்கிறது” என்று குறைபாடுள்ள பிள்ளையை நாள் முழுவதும் போனோடு விட்டுவிடுவதும் அவனை ஒதுக்குவதுதான். அதிர்ஷ்டப் பெட்டிக்குக் காசு கட்டுவது அவனுக்கும் கூடாது. அதான் சொன்னால் அவனும் எழும்ப வேண்டும். அண்ணனைப் போல அவனும் மக்தபுக்கும் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் போக வேண்டும். அங்கே படியிருந்தால் சாய்தளம் போடச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதும் நமது கடமையே.

அந்தத் தாய் எழுதிய முறையீட்டுக்கு இந்தக் கட்டுரையை எழுதும் வரை பதில் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன்கள் மூவர் அவனைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொத்தான்கள் எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்து, அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம் அவர்களோடு விளையாடுகிறான். மஃரிபுக்கு அதான் சொன்னதும் நால்வரும் எழும்பிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களை விசாலமாக்குவாயாக! பலவீனரைத் தள்ளிவிடாது தாங்கிக்கொள்ளும் கரங்களை அவர்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.